அமாவாசைக்கு மட்டும் ஆஸ்பத்திரி

என் அக்கா திலகவதி ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் அமாவாசை அன்றுதான். அவள் மட்டுமல்ல, எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கிறவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என்றால் அது அமாவாசை. அன்று தறிக்குழிக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள். அதனால் பல் பிடுங்குவது, கண்ணாடி மாற்றுவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, குழந்தைக்குக் காது குத்துவது, வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு நாளில் நடந்தாக வேண்டும். மார்க்கெட் பக்கம் இருந்த பல் டாக்டர் அமாவாசைக்கு மட்டும் வாசலில் பெஞ்சு போடுவார். அவர் ஊருக்குப் புதிதாக வந்தபோது, ஆரணிக்காரர்களுக்குப் பல்வலிக்கும் நிலவுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அக்கா எட்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, தறி பிடித்திருந்தது. இதில் தியாகம் எதுவும் இல்லை. நான் தொண்ணூற்று மூன்றில் செய்யாறு காலேஜில் சேர்ந்து பி.எஸ்சி. கணிதம் படித்தேன். அக்கா தறி நெய்ததால்தான் நான் படித்தேன் என்று உறவுக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"தறியா காலேஜுக்குப் போய் பரீட்ச எழுதுச்சு? அவதானே எழுதுனா" என்பாள்.

அவள் நெய்யும்போது பேசமாட்டாள். பதில் வேண்டுமென்றால் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவை அவள் நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் சில சமயம் எழுந்து போய்விடுவார். அரை மணி கழித்து அவள் யாரும் இல்லாத வாசலைப் பார்த்து, "ஆமா, வியாழக்கிழமதான்" என்று பதில் சொல்வாள்.

தொண்ணூற்றேழில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பச்சையப்பன், சாயப்பட்டறையில் வேலை. பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர். என் மாமாவின் கை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தே அந்த மாதம் எந்த நிறச் சேலை விற்கிறது என்று சொல்லிவிடலாம். கல்யாணத்தன்று தாலி கட்டிய கை அரக்கு நிறத்தில் இருந்தது. போட்டோவில் அது மருதாணி போல் விழுந்திருக்கிறது. அவருடைய அம்மா காசியம்மாள். மூன்று பேருக்கும் ஒரே வீடு, கூடத்தில் ஒரு தறி. நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதம் கலைந்தது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. அதன் பின் வலி வந்தது. மாதவிலக்கு நாட்களில் முதலில் இடுப்பில், பிறகு அடிவயிற்றில், பிறகு தொடை வரை. ரத்தப்போக்கு ஒரு வாரத்துக்கு நிற்காது. குழித்தறியில் உட்கார்ந்தால், நெய்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் படமரம் அடிவயிற்றுக்கு நேராக இருக்கும். குனியும்போது அது வயிற்றில் படும். அக்கா பழைய புடவை ஒன்றை மடித்து மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நெய்தாள். அப்படியே சில வருடங்கள் ஓடின. எல்லோருக்கும் அது பழகிவிட்டது. வலி இருந்த அக்காவுக்கும்கூட.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு அமாவாசை அன்று அவளை ஊரில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு நான் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை பெரிதாக, முழுக்க ஊதி இருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம், அமாவாசை அன்று. அப்படியேதான் இருந்தது. அடுத்த வருடம் இன்னொரு அமாவாசைக்குப் போனபோது அந்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எடுத்துடறதுதாம்மா நல்லது. ஒரு எடத்துல கட்டின்னா கட்டிய மட்டும் எடுக்கலாம். இது முழுசும் பரவி இருக்கற மாதிரி தெரியுது. ரத்தமும் கொறஞ்சிகினே போவுது."

"கொழந்த?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா அவள் வயதைச் சீட்டில் பார்த்தார். முப்பத்தேழு. மூடி வைத்த பேனாவை எடுத்துத் திறந்தார். அதுதான் பதில்.

எங்கள் தெருவில் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வது பெரிய செய்தி அல்ல. எதிர்வீட்டு ஜெயம் எடுத்திருந்தாள். கோடிவீட்டு பொன்னம்மாள் எடுத்திருந்தாள். காசியம்மாள் எடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. குழாயடியில் மூன்று பேரும் சேர்ந்தால் யாருடைய தழும்பு நீளம் என்று பேச்சு வரும்.

"எனக்கு எடுத்தாங்க, நா இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள் காசியம்மாள். "பெத்து முடிச்சவளுக்கு அது வெறும் பேஜாரு. பெறாதவளுக்கு அதவிட பேஜாரு. எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா தறியில குந்து."

காசியம்மாள் கெட்டவள் இல்லை. அக்கா வலியில் சுருண்டு கிடந்த நாட்களில் இரவெல்லாம் தவிட்டு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். அவளுக்குப் பேரக்குழந்தை ஆசை தீர்ந்துபோய்விட்டது. தீர்ந்த பிறகு அதைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வரப்போகும் அமாவாசைக்கு அடுத்த அமாவாசை. தறிக்கு லீவு நாள் என்பதால் அந்த ஒரு நாளாவது மிச்சம் என்று மாமியார் கணக்கு.

மறுநாள் சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா நெய்துகொண்டிருந்தாள். நான் கேட்டேன், "உனக்கு இதுல சம்மதமாக்கா?" அவள் நிறுத்தவில்லை. நான் காபி குடித்தேன். காசியம்மாளோடு பேசினேன். கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது தறிச் சத்தம் நின்றது.

"எனக்குக் கொழந்த வேணும்" என்றாள். பிறகு நாடா மறுபடி ஓடியது.

பத்து வருடத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் பள்ளியில் சாவித்திரி டீச்சர் என்று ஒருவர் இருந்தார். வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் புதிதாக ஒரு மிஷின் வந்திருப்பதாக அவர் சொன்னார். சாதாரண ஸ்கேன் உள்ளே இருப்பதன் உருவத்தைக் காட்டும். இது எந்த இடம் மெத்தென்று இருக்கிறது, எந்த இடம் கெட்டியாக இருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டுமாம். எலாஸ்டோகிராபி என்று பெயர். கட்டி தனியாக இருக்கிறதா, பரவி இருக்கிறதா என்று அதில் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்றார். அவருடைய நாத்தனாருக்கு அங்கேதான் பார்த்தார்களாம்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "அமாவாசைக்குத் தொறந்திருப்பாங்களா?"

திறந்திருந்தார்கள். நானும் அக்காவும் மாமாவும் காலை பஸ்ஸில் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போனோம். பஸ்ஸில் அக்கா குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பையில் பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் இருந்தன. மாமா அன்று ஊதா கையோடு வந்திருந்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் அவர் கையைப் பார்த்துவிட்டு, பேஷன்ட் அவர்தான் என்று நினைத்து உட்காரச் சொன்னாள்.

அந்த டாக்டர் பெயர் ரேணுகாதேவி. ஐம்பது வயது இருக்கும். அதட்டுகிற குரல். பழைய படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இப்ப வலி இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஏன் இப்டி வளைஞ்சு உக்காந்திருக்கீங்க? பீரியட்ஸா?"

"நேத்து ராத்திரி ஆச்சுங்க."

"அப்ப ஏம்மா இன்னிக்கு வந்தீங்க?"

"இன்னிக்கு அமாவாசைங்க. தறி லீவு."

"போன ஸ்கேன் எப்ப எடுத்தீங்க?"

"அமாவாசைக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் அமாவாசைதாங்க."

"அப்பெல்லாம் பீரியட்ஸ் எப்ப?"

அக்கா யோசித்தாள். "எனக்கு அமாவாசைய ஒட்டித்தாங்க வரும். ரெண்டு மூணு வருஷமா அப்பிடித்தான். ஒரு நாள் முன்ன பின்ன."

டாக்டர் ரேணுகாதேவி பழைய படங்களை உறைக்குள் போட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எல்லா ஸ்கேனும் ரத்தம் போற நாள்லயே எடுத்திருக்கீங்க. அந்த நாள்ல கர்ப்பப்பை சுருங்கி சுருங்கி விரியும். உள் சவ்வு தடிச்சு, உதிர்ந்துகிட்டு இருக்கும். அத ஸ்கேன்ல பாத்தா முழுசும் நோய் பரவின மாதிரிதான் தெரியும். அந்த டாக்டர் தப்பு சொல்லல. அவங்களுக்குக் காட்டினத அவங்க சொல்லியிருக்காங்க. நீங்க இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலீங்க. அவங்களும் ஆரணிதான்" என்றாள் அக்கா.

அமாவாசைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவது ஆரணியில் விளக்கம் தேவைப்படாத விஷயம். அக்கா மறைக்கவில்லை. அவர்களும் கேட்க மறந்துவிடவில்லை. ஊரில் எல்லோரும் அமாவாசைக்கு வரும்போது இவளும் அமாவாசைக்கு வருகிறாள் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. காலேஜில் கணக்குப் படித்த என் கண்ணிலும் படவில்லை.

"இன்னிக்கு நான் பாக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "ரத்தம் முழுசா நின்னு ரெண்டு மூணு நாள் ஆவட்டும். அப்புறம் வாங்க."

மாமா விரல் விட்டு எண்ணினார். "அது வேல நாளுங்களே."

"ஆமா. எனக்கும் வேல நாள்தான். வாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கண்ணமங்கலம் தாண்டி அக்கா கேட்டாள், "தறியில இருக்கறது மாணிக்கவேல் மொதலாளி கல்யாண ஆர்டரு இல்ல?"

மாணிக்கவேல் என்பவர் அவளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கிறவர். தறியில் இருந்தது ஒரு முகூர்த்தச் சேலை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தை மாத முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. வேலை நாளில் தறியை நிறுத்துவது என்றால் எங்கள் தெருவில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

அந்த நாள் வந்தது. ஒரு புதன்கிழமை. அக்கா விடிவதற்கு முன் எழுந்து முடிந்த வரை நெய்தாள். பிறகு தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் துணி போர்த்திவிட்டுக் குளித்துக் கிளம்பினாள். மாமா பட்டறைக்கும் நான் பள்ளிக்கும் லீவு சொல்லிவிட்டு வாசலில் நின்றிருந்தோம். காசியம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவில் மற்ற எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுத் தறி மட்டும் ஓடவில்லை.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ஜெயம். வாசல் படியில் நின்று உள்ளே பார்த்தாள். காசியம்மாள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள்.

"யாருனா பூட்டாங்களா?"

"யாரும் போவல" என்றாள் காசியம்மாள்.

"தறிச் சத்தம் காணமேன்னு..."

"நாந்தான் போயிட்டேன்னு நெனச்சிகினு வந்தியா?"

"ஐயே, இன்னாக்கா நீ!"

"மாலை இன்னா வாங்கிகினு வந்தியா? காட்டு. ரோஜாவா, சாமந்தியா?"

அடுத்து கோடிவீட்டு பொன்னம்மாள் வந்தாள். அவள் ஏற்கெனவே அழத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியாத ஒரு முகம். அதற்குள் மாணிக்கவேல் முதலாளியே டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். யாரோ அவருக்கும் போன் செய்திருந்தார்கள். துக்கம் கேட்கிறவர்போல் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். அக்கா பையோடு வெளியே வருவதைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்.

"இன்னாம்மா திலகவதி, ஆர்டர் நெருங்கிகினு இருக்குது."

"முடிச்சிருவேங்க. இன்னிக்கு மட்டும் வேலூரு போறேன்."

"ஒடம்புன்னா அமாவாசைக்குப் போவக் கூடாதா?"

"அமாவாசைக்குப் போனதாலதாங்க இப்ப போறேன்" என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று காசியம்மாள் கண்ணால் காட்டியிருந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் நானும் போனேன். அக்காவின் கை என் கையில் இருந்தது. நிறம் எதுவும் ஏறாத, ஜரிகை உரசி விரல் ஓரம் காய்த்துப்போன கை. டாக்டர் ரேணுகாதேவி கருவியை மெல்ல அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். திரையின் ஒரு பாதியில் வழக்கமான சாம்பல் படம். மறு பாதியில் அதே படத்தின் மேல் நிறங்கள். அவர் அழுத்தும்போது நிறங்கள் கலைந்தன, பிறகு ஒரு நிலைக்கு வந்தன.

"மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. சாதாரணமா விடுங்க" என்றார் டாக்டர். "அழுத்தினா மெத்துனு இருக்கறது அமுங்கும். கெட்டியா இருக்கறது அமுங்காது. அவ்ளோதான் விஷயம். நாங்க கையால வயித்த அமுக்கிப் பாக்கற அதே வேல. மிஷின் உள்ள போய்ப் பாக்குது."

திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும். நடுவில் சற்று இடப்பக்கம் ஒரு நீல வட்டம். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. டாக்டர் அங்கேயே நின்றார். மறுபடி மறுபடி அழுத்தினார். நீலம் கலையவில்லை. பிறகு மாமாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

மாமா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "ஐயோ. முழுக்க செவப்பா கீதே."

"செவப்புன்னா இந்த மிஷின்ல மெத்துனு அர்த்தம். நல்ல எடம். நீலம்தான் கெட்டி."

மாமா நம்பவில்லை. இருபது வருடம் நிறத்தோடு வேலை செய்தவருக்குச் சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று ஒரு மிஷின் சொல்வது பிடிக்கவில்லை. "தலகீழா வெச்சிருக்காங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இந்த நீலத்துக்கு ஓரம் இருக்கு பாருங்க" என்றார் டாக்டர், திரையில் விரலை வட்டமாக ஓட்டி. "சுத்தியும் தெளிவா ஓரம். இது நார்க்கட்டி. ஒரு எடத்துல வளந்திருக்கு. பிரிச்சு எடுக்கலாம். பரவற நோய்ன்னா ஓரமே தெரியாது, சதையோட சதையா கலந்திருக்கும்."

"சாயம் ஓடுன மாதிரி" என்றார் மாமா.

"ம். அப்டி இருந்தா நானும் கர்ப்பப்பையத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்."

அக்கா படுத்தபடியே கேட்டாள். "அப்ப எனக்கு எடுக்க வேணாமா?"

"கட்டிய எடுக்கணும். கர்ப்பப்பை இருக்கட்டும். ஆனா நான் இந்த ஒரு படத்த மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டேன். இந்த மிஷின் எங்களுக்கே புதுசு. ரத்த ஓட்டமும் பாத்திருக்கேன், அதுவும் ஒத்து வருது. எம்.ஆர்.ஐ. ஒண்ணும் எடுத்துடுங்க. அப்புறம் ஆபரேஷன் பண்ற டாக்டர்தான் சொல்லணும். கொழந்த தங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன். தங்கறதுக்கு எடம் இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

அக்கா தலையசைத்தாள். "எம்.ஆர்.ஐ. எந்த நாள் வரணும்?" என்றாள். அமாவாசையா என்று கேட்கவில்லை.

நிறப் படத்தை ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சாயமேற்றிய பட்டைப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் சாயப்பட்டறைக்கும் எடுத்துப் போயிருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. அங்கே அது கை மாறியிருக்கிறது. மூத்த தொழிலாளி வேடியப்பன் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "நீலம் நல்லாத்தான் கீது. செவப்புதான் கொஞ்சம் தூக்கல். உடம்புக்கு இந்தப் பச்சையப் போட்டு, கரைக்கு நீலம் வெச்சா மெட்ராஸ்ல போவும். இன்னா டிசைனு இது?"

"எங்க வூட்ல இருக்கறவளோட வயிறு" என்றிருக்கிறார் மாமா.

வேடியப்பன் படத்தைத் தன் வேட்டியில் துடைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது. அந்த முகூர்த்தச் சேலையை அக்கா முடித்துக் கொடுத்தாள். பிறகு வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தார்கள், கர்ப்பப்பையை விட்டுவைத்தார்கள். ஆரணி நர்சிங் ஹோமில் குறித்திருந்த அமாவாசை வந்தபோது அக்கா வயிற்றில் தையலோடு வீட்டில் படுத்திருந்தாள். நான் நேரில் போய் அந்த டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அங்கே அமாவாசைக்கு வருகிற பெண்களிடம் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது என்று ஜெயம் சொன்னாள். "ஊர் பேரு, அப்பா பேரு கேக்கறதுக்கு முன்னாடி அதக் கேக்கறாங்க. மானம் போவுது" என்றாள்.

மூன்று மாதம் அக்கா தறிக்குழியில் இறங்கவில்லை. அந்த மூன்று மாதமும் ஜெயம் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். சத்தம் வராத வீடு அவளை என்னவோ செய்தது.

ஒரு வருடம் எதுவும் நடக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு அமாவாசைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வந்தால் சமையலறைக்குப் போய் எதையாவது கிளறுவாள். அன்று கூடத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த அமாவாசைக்கு வரல" என்றாள்.

"வந்துதானே இருக்க?" என்றேன்.

பி.எஸ்சி. கணிதம். அவள் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு விளங்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

கட்டி எடுத்த கர்ப்பப்பை என்பதால் வலி எடுக்கும் வரை விட மாட்டோம், முன்பே ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுப்போம் என்று வேலூர் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் எந்த நாள் வேண்டுமானாலும் சரி, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். காசியம்மாள் ஜோசியரிடம் போய் மூன்று நல்ல நாள் வாங்கி வந்தாள். அக்கா காலண்டரைப் பார்த்து அந்த வாரத்து அமாவாசையில் விரலை வைத்தாள்.

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் காசியம்மாள். "அமாவாசையில பொறந்தா ஊரு இன்னா சொல்லும்னு தெரியாதா? கொழந்தய ஒரு மாதிரி பாப்பாங்க."

"இவருக்கும் லீவு. இவளும் ஸ்கூலுக்கு லீவு போட வேணாம், அன்னிக்கு ஞாயித்துக்கெழம. தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போலாம். வேல நாள்ல பொறந்தா எவ வருவா?"

"ஜோசியர் இன்னா சொன்னார்னா..."

"அவருக்குத் தறி கீதா?"

காசியம்மாள் மூன்று நாள் பேசவில்லை. குழந்தை அமாவாசை அன்றே பிறந்தது. பெண். லீலா என்று பெயர் வைத்தார்கள். அக்கா சொன்னதுபோல் தெருவே வேலூருக்கு வந்தது. வார்டில் இடம் இல்லாமல் நர்ஸ் எல்லோரையும் மாடிப்படியில் உட்காரவைத்தாள். காசியம்மாள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, இந்த நாளைத் தான்தான் குறித்துக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீலாவுக்கு அம்மா கிடைத்தது மாதத்தில் ஒரு முழு நாள். மற்ற நாட்களில் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கேள்வி கேட்பாள். பதில் வருவதற்குள் தூங்கிவிடுவாள். அமாவாசை அன்று மட்டும் கேட்டவுடன் பதில். அன்று அக்கா அவளைக் கோட்டை மைதானத்துக்கு அழைத்துப் போவாள், தலை பின்னிவிடுவாள், சண்டை போடுவாள். வளர வளர லீலா நாட்களைக் கிழமை வைத்துச் சொல்லாமல், அமாவாசைக்கு முன்னால், அமாவாசைக்கு அப்புறம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் படித்தது என் பள்ளியில்தான்; சக டீச்சர்கள் இதைக் கேட்டு, வீட்டில் ஏதாவது மாந்திரீகம் நடக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார்கள்.

அக்கா போன மாதம் இறந்துபோனாள். மாரடைப்பு. வயிற்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலை நாள். காலை பத்தரை மணிக்குத் தறிச் சத்தம் நின்றது. ஜெயம் எதிர்வீட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள். பிறகு தெருவைத் தாண்டி வந்திருக்கிறாள். படியில் நின்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் தெருவில் எல்லாத் தறிகளும் நின்றிருந்தன.

நேற்று அமாவாசை. இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள். மாமா இலை போட்டு, அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பும் அப்பளமும் வைத்து, காக்கைக்கு மொட்டைமாடிச் சுவரில் சோறு வைத்தார். அவர் கை மஞ்சளாக இருந்தது. காக்கை வரவில்லை. அவர் கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். லீலாவும் நானும் கூப்பிட்டோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே இருந்து காசியம்மாள் சத்தம் போட்டாள்.

"அவ ஜல்தியா வர மாட்டாடா. தறிய வுட்டு என்னிக்கு எழுந்திருச்சா?"

லீலா சுவர் ஓரம் குனிந்து கீழே பார்த்துச் சொன்னாள். "இன்னிக்கு லீவு, ஆயா. வந்துருவாங்க."

நாங்கள் சுவரிலிருந்து தள்ளி நின்று காத்திருந்தோம். தெருவில் எந்தச் சத்தமும் இல்லை.